இரு கரைகளின் புழு



சிங்கப்பூர் சைனாடவுனில் நடக்கும் கூட்டத்தில் யானைக்கால் நோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். டெங்கியைப் பற்றிப் பேசலாமே, அதுதானே நம் ஊர்க் கவலை என்றார்கள். டெங்கிக்கும் வருவேன். ஆனால் ஒட்டுண்ணி ஒன்று மனித உடலுக்குள் எப்படிப் புகுகிறது, எப்படித் தங்குகிறது, எந்தக் கட்டத்தில் நோயாக மாறுகிறது என்பதை யானைக்கால் புழுவைப் போலத் தெளிவாகக் காட்டும் உயிர் வேறில்லை என்பது என் எண்ணம். இந்த வட்டாரத்துக்கு அந்தப் புழுவோடு பழைய தொடர்பும் உண்டு.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில் தெலுக் ஆயர் தெரு. இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தெரு, கடலைத் தூர்ப்பதற்கு முன் கரையோரமாக இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே நாகூர் தர்காவைக் கட்டினார்கள். அதே தெருவில் ஹொக்கியன் மக்கள் கடல்தாய் மாசுவுக்கு எடுத்த தியான் ஹோக் கெங் கோயில் 1842ல் கட்டி முடிந்தது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நாராயண பிள்ளை 1827ல் தொடங்கிய மாரியம்மன் கோயில் உங்களுக்குத் தெரிந்ததே. நாகையும் தஞ்சைக் கழிமுகமும் ஒரு கரை. ஹொக்கியன் மக்கள் கப்பலேறிய அமோய், இன்றைய சியாமென், இன்னொரு கரை. இரண்டும் யானைக்கால் புழு குடியிருந்த இடங்கள். பிழைப்பு தேடி இங்கே இறங்கியவர்களில் சிலராவது அதை ரத்தத்தில் சுமந்தே இறங்கியிருப்பார்கள்.

அந்தப் புழுவின் ரகசியம் வெளிப்பட்டதும் அமோயில்தான். சீனச் சுங்கத் துறையில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் மேன்சன், தன் தோட்டக்காரர் ஹின் லோவின் ரத்தத்தில் இளம்புழுக்கள் நெளிவதைக் கண்டார். 1877ல் ஹின் லோவை ஒரு சிறு கொசு வீட்டுக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் விளக்கேற்றி, கதவைத் திறந்து கொசுக்களை உள்ளே வரவிட்டார்கள். பிறகு கதவை அடைத்துவிட்டார்கள். விடிந்ததும், ரத்தம் குடித்து உப்பிச் சுவரில் ஒட்டிக்கிடந்த கொசுக்களைப் புகையிலைப் புகையால் மயக்கி, மதுக்கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். நாள்வாரியாக அவற்றை அறுத்துப் பார்த்தார் மேன்சன். கொசுவின் வயிற்றுக்குள் போன புழு, மார்புத் தசைக்கு இடம்பெயர்ந்து அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. மனித நோயின் ஒட்டுண்ணியை ஒரு பூச்சி வளர்த்துத் தருகிறது என்பதை உலகம் அங்கேதான் முதலில் கண்டது. பிற்பாடு ரொனால்டு ராஸை மலேரியாக் கொசுவைத் தேடத் தூண்டியவரும் இதே மேன்சன்தான். ராஸ் 1897ல் செகந்திராபாத்தில் அதைக் கண்டுபிடித்தார்.

புழு கொசுவிலிருந்து மனிதனுக்கு எப்படித் திரும்புகிறது என்பதில் மேன்சன் தவறினார். கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் புழு போகிறது என்று நினைத்தார். கொசுவின் உறிஞ்சு குழலுக்குள்ளேயே புழு இருப்பதை ஜார்ஜ் கார்மைக்கேல் லோ 1900ல் காட்டினார். வுச்சரேரியா பான்கிராப்டி என்ற இந்தப் புழுவின் பெயரில் இரண்டு மருத்துவர்கள் வாழ்கிறார்கள். தன் ரத்தத்தைக் கொடுத்த ஹின் லோ அதில் இல்லை. அவரைப் பெயர்சொல்லி நினைப்பதற்கு இந்த ஹொக்கியன் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் புழுவின் பயணம். கொசு கடிக்கும்போது அது நேரே ரத்தத்துக்குள் ஏற்றப்படுவதில்லை. குழலிலிருந்து நழுவித் தோலில் விழுந்து, கடித்த துளை வழியாகத் தானே நுழைகிறது. நிணநீர்க் குழாய்களைத் தேடிப் போய்த் தங்கி, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முழுப் புழுவாகிறது. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். தடிமனோ நூலிழை அளவு. ஐந்தாறு ஆண்டுகள் உயிரோடிருந்து லட்சக்கணக்கில் இளம்புழுக்களை ஈன்று ரத்தத்தில் விடுகிறது. அந்த இளம்புழுக்கள் பகலெல்லாம் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்குமேல் வெளி ரத்தத்துக்கு வருகின்றன. இந்தப் புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரம் அதுதான். தமிழ்நாட்டில் நம் ஊர்ப்பக்கம் சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுத்ததற்குக் காரணம் இதுவே. பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பவரின் உடலில் இளம்புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன.

கொசுவுக்குள் மலேரியாக் கிருமி பல்கிப் பெருகும். யானைக்கால் புழு பெருகாது. ஒன்று போனால் ஒன்றுதான் வெளியே வரும், அதுவும் பிழைத்தால். ஆகவே ஒருவர் உடலில் புழுக்கள் இணைசேர்ந்து குடும்பம் நடத்த, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் திரும்பத்திரும்பக் கடிபட வேண்டும். சாக்கடை நீரில் பெருகும் கொசுவின் பக்கத்தில், வலையில்லாத படுக்கையில், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகத் தூங்குபவரைத்தான் இந்த நோய் பிடிக்கிறது. இதை நான் வசிப்பிடத்தின் நோய் என்றே சொல்வேன். 1906ல் சிங்கப்பூருக்கு வந்து, சைனாடவுன் கடைவீடுகளின் சன்னலில்லாத அறைகளைப் பார்த்து அறிக்கை எழுதிய பேராசிரியர் சிம்ப்சன், பின்சந்துகள் வெட்டச் சொன்னார். மலவாளி முறை இந்த ஊரில் முற்றாக ஒழிந்தது 1987ல்தான். அந்த வேலைகள் யானைக்காலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் சாக்கடையை மூடுபவர்கள் கியூலெக்ஸ் கொசுவின் தொட்டிலையும் மூடிவிடுகிறார்கள்.

நோய்க்கு வருகிறேன். உயிரோடிருக்கும் புழு சத்தமே போடுவதில்லை. தன்னை எதிர்க்க வேண்டிய தற்காப்பு அணுக்களை அடக்கிவைத்துக்கொண்டு வாழ்கிறது. 1990களில் பிரேசிலின் ரெசிஃபே நகர மருத்துவர்கள், வீக்கமோ வலியோ இல்லாத ஆண்களின் விதைப்பைக்குள் புழுக்கள் ஓயாமல் துள்ளுவதை அல்ட்ராசவுண்ட் திரையில் கண்டார்கள். அதற்கு ‘பைலேரியா நடனம்’, அதாவது புழு நடனம், என்றே பெயர். புழு சுரக்கும் பொருள்களால் நிணநீர்க் குழாய் விரிகிறது. விரிந்த குழாயின் உள்தடுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக, மேலேற வேண்டிய நீர் பழுதான மடைக்கதவைத் தாண்டி வழிவதுபோலக் காலுக்கே இறங்குகிறது. புழு சாகும்போது உடல் விழித்துக்கொண்டு தாக்க, வீக்கமும் வலியும் வருகின்றன. அதன்பின் முக்கியப் பங்கு சாதாரண பாக்டீரியாவுக்கு. விரலிடுக்கு வெடிப்பில் நுழையும் அதுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் தோலை இன்னும் தடிக்கவைத்துவிட்டுப் போகிறது.

என் அப்பாவின் அத்தைக்கு இடதுகால் முழங்கால்வரை கனத்திருந்தது. நெறி கட்டினால் போர்வைக்குள் நடுங்கிக் கிடப்பார். அமாவாசை நெருங்குகிறது, அதனால்தான் என்பார்கள் வீட்டில். விசேஷ வீடுகளில் புடவையைத் தரை புரள இறக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அவர் காலை யாரும் தொட்டதில்லை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் பருத்தித் துணியால் ஒற்றி, வெடிப்புக்குக் களிம்பு தடவி, இரவில் காலை உயர்த்தி வைத்திருந்தால் அந்தக் காய்ச்சல்களில் பெரும்பாலானவை வந்தே இருக்காது. ரெசிஃபேயில் ஜெருசா டிரெயர் பல நோயாளிகளைக் கொண்டு நிறுவிக்காட்டிய உண்மை இது. எங்கள் வீட்டில் சோப்பும் இருந்தது, துணியும் இருந்தது. சொல்லித்தர ஆளில்லை.

டெங்கிக்கு வருவதாகச் சொன்னேன். சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கியைத் தடுக்க 2016லிருந்து வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்களைக் குடியிருப்புகளில் விட்டுவருகிறது. அவை கடிப்பதில்லை, அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. அதே வோல்பாக்கியா பேரினத்தின் இன்னொரு வகை யானைக்கால் புழுவுக்குள்ளும் வாழ்கிறது. அது இல்லாமல் புழுவால் கருத்தரிக்க முடியாது. டாக்ஸிசைக்ளின் மருந்தைச் சில வாரங்கள் கொடுத்து அதைக் கொன்றால் புழு மலடாகிறது. புழு சாகும்போது உடலைச் சீறவைப்பதிலும் இந்த பாக்டீரியாவுக்குப் பங்குண்டு. ஒட்டுண்ணிக்குள்ளும் ஒரு குடித்தனம் நடக்கிறது என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

புழுவைக் குறைக்கும் டிஇசி மருந்து கலந்த உப்பைப் பயன்படுத்திய சீனா 2007ல் இந்த நோயை ஒழித்தது. இலங்கைக்கு 2016ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய சாதனைகள்தாம். ஆனால் ஒழிப்புக்காகத் தரும் மாத்திரை ரத்தத்திலுள்ள புழுவைக் குறைக்குமே தவிர, பல ஆண்டு தடித்த காலைத் திருப்பித் தராது. பரவல் நின்ற ஊரிலும் அந்தக் கால்கள் இருக்கின்றன. ஒழிப்புத் திட்டத்தின் சரிபாதியாக உலகச் சுகாதார நிறுவனம் நோயாளிப் பராமரிப்பைத்தான் வைத்திருக்கிறது. பணமும் கவனமும் மாத்திரைப் பக்கமே சாய்கின்றன.

இங்கே வந்திருக்கும் அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டு வட்டியில் ஒரு பங்கை நாகை, தஞ்சைப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக யானைக்கால் நோயாளிகளுக்குக் கொடுக்க வழிசெய்யுங்கள். ஆளுக்கு ஒரு வாளி, குவளை, சோப்பு, இரண்டு பருத்தித் துண்டு, களிம்பு, வீங்கிய காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பு. கூடவே, தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் கையால் கழுவிக்காட்ட ஒரு செவிலியருக்குச் சம்பளம்.