கையெழுத்திட மறுத்தவன்

நினைவுச் சொற்பொழிவுக்கு இலக்கியப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வதே வழக்கம். நான் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைத்தவர்கள் முகம் சுளிக்காமல் இசைந்தது அவர்களுடைய பெருந்தன்மை.

ஏஎம்சி அலைவரிசையில் 2007 முதல் 2015 வரை 92 பகுதிகளாக வந்த ‘மேட் மென்’, 1960-களின் நியூயார்க் விளம்பர உலகத்தைக் காட்டியது. உருவாக்கியவர் மேத்யூ வீனர். நாயகன் டான் டிராப்பராக ஜான் ஹாம் நடித்தார். அந்தப் பெயரே திருட்டுப் பெயர். பாலியல் தொழிலாளிக்குப் பிறந்த டிக் விட்மன் அவன். தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். தகப்பனைக் குதிரை உதைத்துக் கொன்றது. மாற்றாந்தாயோடு விபசார விடுதியில் வளர்ந்தான். கொரியப் போரில் மேலதிகாரி கருகி மாண்டபோது அவருடைய அடையாளத் தகட்டைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். டிக் இறந்ததாக ஊருக்குச் சவப்பெட்டி போயிற்று; டான் என்ற பெயரில் விளம்பர உலகில் உயர்ந்தான்.

பட்ட காயம்தான் அவனை இப்படி எதற்கும் பிடிகொடுக்காதவனாக ஆக்கியது என்பார் சிலர். திடீர் வாழ்வு தந்த திமிர் என்பார் வேறு சிலர். இரண்டையும் தனித்தனியே நிறுத்தினால் டான் கைக்கு அகப்படமாட்டான். உயர உயர, பிடிபட்டால் இழப்பதும் கூடுகிறது. பழைய பயத்துக்குப் புதிய அந்தஸ்தே தீனி.

அவன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடாமலே வேலை பார்க்கிறான். சக ஊழியர்களுக்கு அது மேதையின் செருக்கு. எனக்கு அது, வாசற்கதவைத் தாழிடாமல் தூங்கும் பழக்கமாகப் படுகிறது. ஹில்டன் ஓட்டல் விளம்பரம் வரும்போது ஒப்பந்தம் கட்டாயமாகிறது. நிறுவனத்தின் மூத்த பங்குதாரரான கிழவர் கூப்பர், அவனுடைய ரகசியம் தமக்குத் தெரியும் என்பதை நாசூக்காக நினைவூட்டியே மூன்றாண்டுக்குக் கையெழுத்து வாங்குகிறார். அதற்கு முன்பே, தம்பி ஆடம் தேடி வந்தபோது, 5,000 டாலரைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டான். தம்பி தூக்கில் தொங்கினான். பணம் கொடுத்து உறவை அறுக்க அவனுக்கு இப்போது வசதி வந்துவிட்டது. அறுக்கச் சொன்னது பழைய பயம்.

ஆறாம் பருவத்தின் முடிவில் வரும் ஹெர்ஷி சாக்லேட் காட்சியைப் பலரும் விடுதலை என்று கொண்டாடுகிறார்கள். முதலில் ஹெர்ஷி நிறுவனத்தாரிடம், அப்பா ஆசையாகச் சாக்லேட் வாங்கித் தந்ததாக ஓர் அழகான பொய் சொல்கிறான். எல்லோரும் உருகுகிறார்கள். பிறகு கை நடுங்க உண்மையைச் சொல்கிறான்: விடுதிக்கு வருபவர்களின் சட்டைப்பையில் திருடிக் கொடுத்தால் அங்கிருந்த ஒருத்தி சாக்லேட் வாங்கித் தருவாள். நான் கவனிப்பது அந்தப் பொய்யைத்தான். கிடைக்காத அப்பாவை அவ்வளவு உயிரோடு வர்ணிக்க, கிடைக்காதவனால்தான் முடியும். அவன் சம்பாதித்த புகழுக்கெல்லாம் முதல் அந்த இல்லாமைதான். அதையே வெளிப்படையாகச் சொன்ன பிறகு பங்குதாரர்கள் அவனைக் கட்டாய விடுப்பில் அனுப்புகிறார்கள்.

திரும்பச் சேர்க்கும்போது நிபந்தனைகள்: வாடிக்கையாளரோடு தனியே இருக்கக் கூடாது, அனுமதித்ததைத் தவிர எதுவும் பேசக் கூடாது, அலுவலகத்தில் குடிக்கக் கூடாது. வேறு நிறுவனத்தின் அழைப்பு கையிலிருந்தும் ‘சரி’ என்கிறான். ஓடாமல் நிற்கிறான். திருந்திவிட்டான் என்று நம்பிவிடாதீர்கள். பின்னால் அவனுடைய நிறுவனத்தை மெக்கான் என்ற விளம்பர நிறுவனம் விழுங்கியதும், அங்கே நடக்கும் ஒரு கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் காரை மேற்கே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.