சட்னிக்கு எந்தத் தண்ணீர்?

 

தாராவியில் விடியும் முன்பே இட்லி வேகிறது. அந்த இட்லி மும்பைத் தெருக்களில் விலை போகிறது.

இட்லி ஆவியில் வேகிறது. சாம்பார் கொதிக்கிறது. சூட்டில் கிருமிகள் சாகின்றன. தேங்காய்ச் சட்னி அப்படி இல்லை. பச்சையாக அரைக்கிறோம். மேலே தாளித்தால் மட்டும் கிருமி சாகாது.

2019ஆம் ஆண்டு ஒரு வீடியோ பரவியது. போரிவலி ரயில் நிலையத்தில் எடுத்தது என்றார்கள். இட்லி வியாபாரி ஒருவர் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் பிடித்தார். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லார் பிழைப்பும் கெடும்.

ஆகவே, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, 3 பச்சை மிளகாய், உப்பு எடுங்கள். ஆறிய தண்ணீர் விட்டு அரையுங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். மூடி வையுங்கள். காலைச் சட்னியை மாலைக்கு வைக்காதீர்கள்.

வீட்டுக்கும் இதுதான். வியாபாரத்துக்கும் இதுதான்.