மணியகாரரும் குறிப்பேடும்

கற்பிட்டி என்றதும் பலருக்கு ஒல்லாந்தர் கோட்டையும் டொல்பின்களும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது சைமன் காசிச்செட்டி. 1807இல் அங்கே பிறந்தவர். மணியகாரர் என்ற உள்ளூர் நிர்வாக அதிகாரி, சட்டநிரூபண சபை உறுப்பினர், பிறகு நீதிபதி. இத்தனை உத்தியோகத்துக்கிடையே 1834இல் இலங்கை ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் நூலை வெளியிட்டார். முக்குவர், சோனகர் சமூகங்களின் வழக்கங்களையும் எழுதி வைத்தார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறான 'தமிழ் புளூட்டார்க்'. வெறும் உத்தரவு போட இவ்வளவு தெரிந்திருக்க வேண்டியதில்லையே! தன் அதிகாரத்துக்குட்பட்ட சனங்கள் யார் என்று கேட்டறிய அவர் மினக்கெட்டார். எனக்குப் பெரிதாகப்படுவது அதுதான். நம் கந்தோரில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருப்பவர்களே, நேற்று லீவு கேட்டவரின் வீட்டு நிலைமை தெரிந்துதான் மறுத்தீர்களா?