பெட்டிக்குள் ஒரு பல்பு



எழுபதுகளில் கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அப்பா அதில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடிப்பார். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மெல்லத் தேய்ந்து எங்கோ உள்ளே போய்விடும், பிறகு பொங்கிக்கொண்டு திரும்பி வரும். "காத்தடிக்குது கண்ணு, அதான்" என்பார் அப்பத்தா. காரணம் காற்று இல்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். வானொலி அலை மேலே ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. ஒரே அலை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. அவை சேர்ந்து நடை போட்டால் ஒலி பெருகும். முன்பின்னாக வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும்.

ஜப்பானில் ஃபூமியோ மியெடா என்ற பொறியாளர், ரேடியோ மாஸ்கோவைக் கேட்கும்போது இதே அலைவைக் கவனித்தார். மற்றவர்கள் எரிச்சலோடு குமிழைத் திருகிய இடத்தில் அவருக்கு அழகு கேட்டது. அதை ஒரு கருவிக்குள் கொண்டுவர முயன்றார். ஷின்-எய் நிறுவனம் செய்த அந்தப் பெட்டி, 1968 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு 'யூனி-வைப்' என்ற பெயரில் போனது. எலக்ட்ரிக் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே வைத்துக் காலால் இயக்கும் பெட்டி. அந்த வார்ப்பில் இன்றும் கையால் செய்யப்படும் பெடலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதன் மூடியைக் கழற்றிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. நடுவில் ஒரு சின்னக் குண்டு பல்பு. அதைச் சுற்றி நான்கு எல்.டி.ஆர்.கள், அதாவது வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற சில்லுகள். எல்லாவற்றையும் ஒரு தகரக் கிண்ணம் மூடியிருக்கிறது. பல்பு சீராக மங்கி மங்கி எரிகிறது. கிதார் ஒலி நான்கு கட்டங்களைக் கடந்து போகிறது. ஒவ்வொரு கட்டமும் அலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. எவ்வளவு தள்ளுவது என்பதைப் பல்பின் வெளிச்சம் தீர்மானிக்கிறது. நான்கு கட்டங்களிலும் கெப்பாசிட்டர் அளவுகள் வேறு வேறு. அதனால் மேல் ஸ்தாயி ஒரு விதமாகவும் கீழ் ஸ்தாயி ஒரு விதமாகவும் அசைகிறது.

பெட்டியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. 'கோரஸ்' பக்கம் வைத்தால் தள்ளிப்போன ஒலியோடு மூல ஒலியும் கலந்து வரும். அதுதான் இலங்கை வானொலியின் அந்த அலைவு. 'வைப்ரேட்டோ' பக்கம் வைத்தால் மூல ஒலி நின்றுவிடும். தள்ளிப்போன ஒலி மட்டும் சுருதியில் சற்றே ஏறி இறங்கி வரும்.

'கோரஸ்' என்ற பெயர் இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். கோரஸ் என்றால் என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். வள்ளி கும்மியில் ஐம்பது பேர் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். ஒருவர் குரல் ஒரு நூலிழை முந்தும், இன்னொருவர் குரல் ஒரு நூலிழை பிந்தும். அந்த இழைகளெல்லாம் சேர்ந்துதான் கும்மிப் பாட்டுக்கு அகலம் கொடுக்கின்றன. ஒலியைச் சில மில்லி நொடி தாமதிக்க வைத்து, அந்தத் தாமதத்தையும் அசைத்து, மூலத்தோடு கலக்கும் பெடல்தான் கும்மிக்கு நெருங்கியது. பாஸ் நிறுவனம் 1976இல் கொண்டுவந்த சி.இ.-1 அந்த வகை. யூனி-வைப் தருவது வேறு அனுபவம். ஒற்றைக் குரல்தான், ஆனால் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறது.

இந்தப் பெட்டியை வைத்துக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970 புத்தாண்டு நாளில் நியூயார்க்கில் வாசித்த 'மெஷின் கன்' பதிவைக் கேளுங்கள். போரைப் பற்றிய பாடல். அந்தக் கிதார் அழுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராபின் ட்ரோவர் 1974இல் வெளியிட்ட 'பிரிட்ஜ் ஆஃப் சைஸ்' இன்னும் மெதுவான அலைவு.

இப்போது கணினியிலேயே இந்த ஒலி கிடைக்கிறதே, கையால் எதற்குச் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. எல்.டி.ஆர். மீது வெளிச்சம் பட்டதும் மின்தடை சட்டென்று இறங்கிவிடும், இருட்டில் மெதுவாகத்தான் ஏறும். பல்பின் இழையும் உடனே சூடாகாது, உடனே ஆறாது. அதனால் அலை ஒரு பக்கம் சரிந்து, நடையில் ஒரு நொண்டலோடு வருகிறது. அந்த நொண்டல்தான் உயிர். பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டால் அது குறைந்துவிடும். செய்பவர் குவியலாக எல்.டி.ஆர். வாங்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்திலும் இருட்டிலும் மீட்டர் வைத்து அளந்து, தோதான நான்கைப் பொறுக்குகிறார். பிறகு பல்பின் பிரகாசத்தைக் காதால் கேட்டுக்கேட்டு நிறுத்துகிறார். ஒரே கை செய்த இரண்டு பெட்டிகள்கூட ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. இந்தச் சில்லுகளில் காட்மியம் இருப்பதால் ஐரோப்பாவில் கட்டுப்பாடு உண்டு. பொறுக்கும் வேலை இனி இன்னும் கடினமாகும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வைப்ரேட்டோ பக்கம் நம் காதுக்கு அவ்வளவாக ஒட்டாது. வீணையில் ஒரு கமகம் எத்தனை அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை விரல் அந்தந்த ஸ்வரத்துக்கு ஏற்ப முடிவு செய்கிறது. பல்புக்கு ராகம் தெரியாது. கிதாரில் தோடி வாசிக்க நினைப்பவர்கள் இதை அணைத்துவிட்டு வாசிப்பது நல்லது. நீண்ட, நிறுத்தி வாசிக்கும் ஸ்வரங்களுக்குத்தான் இது அழகு. அதுவும் வேகத்தைக் குறைத்து வைத்தால்.

மும்பையில் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் என்ற நிறுவனம் பெடல்களைக் கையால் செய்து விற்கிறது. நம் ஊரில் என்ன குறைவு? சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு வரை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை. சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்ததைச் சொல்லிவிடும் காதுகள் அந்தப் பட்டறைகளில் இருக்கின்றன. இந்தப் பெட்டிக்கு வேண்டியதும் அந்தக் காதுதான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளே, கிதார் வாசிக்கும் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு ஒன்று செய்து பாருங்கள். முடித்ததும், ராத்திரியில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தகரக் கிண்ணத்தை எடுத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட் எரிந்தால் அந்த வெளிச்சமும் எல்.டி.ஆரில் பட்டு ஒலியைக் கெடுத்துவிடும். இருட்டில் அந்தப் பல்பு மங்கி எரிவதையும், அதே கதியில் கிதார் தேய்ந்து பொங்குவதையும் சேர்த்துக் காணலாம், கேட்கலாம்.