முகவுரையில் ஒரு நன்றி

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே!

இப்பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயருக்குரிய சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். 1897இல் மறைந்தபோது அவருக்கு வயது 42தான். நெல்லையில் சில காலம் பள்ளித் தலைமை ஏற்றிருந்தவர், பின்னர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். 1896இல் ராவ் பகதூர் பட்டம் பெற்றார். அவர் எழுதிய தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத்தான் 1970 முதல் அரசு விழாக்களில் பாடுகிறோம். 2021இல் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாயிற்று.

இத்தனை சிறப்பிலும் என் மனம் போய் நிற்பது 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் முகவுரையில். கதைக்கரு லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றிலிருந்து வந்தது என்று அவரே அங்கு சொல்லிவிடுகிறார். மறைத்திருந்தால் அன்று எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்? நூலைத் தமக்குத் தத்துவம் கற்பித்த ஹார்விக்கு உரிமையாக்கினார். தாம் வாழ்ந்த இடத்துக்கும் ஹார்விபுரம் என்றே பெயர் வைத்தார். ஆய்வேடு எழுதி முடித்து வந்திருக்கும் உங்களிடம் இந்த நேர்மையைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வாங்கிய கரு அவர் கையில் நம் மண்ணுக்கே உரியதாகிவிட்டது. குடிலன் என்னும் வஞ்சக அமைச்சனை நம்பி, பாண்டியன் சீவகன் மதுரையை விட்டு நெல்லைக்குத் தலைநகரை மாற்றுகிறான், கோட்டை கட்டுகிறான். நாஞ்சில் நாட்டை முன்னிட்டுச் சேரனோடு பகை மூள்கிறது. முனிவர் ஒருவர் அமைத்த சுரங்கவழியே பகைவனை உள்ளே அழைத்துவரக் குடிலன் துணிகிறான். தமிழ் நாடகத்தில் அவனைப்போல் நுணுக்கமாகத் தீட்டப்பட்ட வஞ்சகன் அரிது என்பது என் கருத்து.

சான்று காட்டாமல் பேசக்கூடாது என்ற அதே நேர்மைதான் அவரைக் கல்வெட்டுகளிடம் அழைத்துச் சென்றது. திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைக் கல்லெழுத்திலிருந்து மீட்டார். சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குத் தள்ளிய அறிஞர்களை மறுத்து, அவர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவரல்லர் என்று நிறுவினார்.

உங்களிடம் எனக்கொரு வேண்டுகோள். மனோன்மணீயம் படிப்பதற்கான நாடகம், மேடைக்கு ஒத்துவராது என்பார்கள். ஆனால் அதன் ஆசிரியப்பாவின் ஓட்டம் வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். நண்பர்கள் நாலு பேர் கூடி, குடிலன் வரும் களங்களையாவது இந்த அரங்கில் நடித்துக் காட்டுங்கள். பார்க்க நான் கட்டாயம் வருவேன்.