குண்டும் தலைவிதியும்
(ஓசூர் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)

புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலையில், 2021-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, பாட்டன் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்த 11 வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. அருகிலிருந்த சுடுதளத்தில் அன்று துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி பையன் இறந்து போனான். இதைக் கேட்டவுடன் நம்மவர்கள் சொல்லும் வார்த்தை என்ன? "எல்லாம் அவன் தலையில் எழுதினபடி" என்பதுதானே! தலையில் எழுதினவன் வந்து துப்பாக்கி சுட்டதாக எந்தப் போலீஸ் ரிக்கார்டிலாவது உண்டா என்று கேட்கிறோம். சுட்டவனும் மனிதன், ஊருக்குப் பக்கத்தில் சுடலாம் என்று உத்தரவு போட்டவனும் மனிதன். ஆகவே அதை நிறுத்தவும் மனிதனாலேயே முடியும்.

முடியுமா என்பீர்களானால், அதற்குச் சாக்ஷி நம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து தோழர்கள் வேலைக்கு வருகிறார்கள். "வடக்கன், ஒன்றும் தெரியாதவன்" என்று நம்மில் பலர் அவர்களை இளக்காரமாய்ப் பேசுகிறோம். அவர்கள் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே நேத்தர்ஹாட் மலைப் பிரதேசத்தில் 1964 முதல் பட்டாளத்தார் பீரங்கிப் பயிற்சி செய்து வந்தார்கள். வெள்ளைக்காரன் 1938-ல் போட்ட சட்டந்தான் இதற்கு ஆதாரம். வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் போகவில்லை! பயிற்சி நாட்களில் ஜனங்கள் ஆடு மாடுகளோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பிற்பாடு 245 கிராமங்கள், 1,471 சதுர கிலோ மீட்டர் என்று எல்லையும் விரிக்கப்பட்டது. 1994 மார்ச் 22-ந் தேதி பட்டாளத்து லாரிகள் வந்தபோது, ஆதிவாசி ஜனங்கள் டுடுவாபானி என்னுமிடத்தில் ரோட்டை மறித்தார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். லாரிகள் திரும்பிப் போயின.

சர்க்கார் அத்தோடு விட்டுவிடவில்லை. உத்தரவை 2022 மே மாதம் வரை நீட்டிற்று. ஜனங்களும் விடவில்லை. வருஷந்தோறும் மார்ச் 22, 23 தேதிகளில் அதே இடத்தில் கூடினார்கள். இப்படி 28 வருஷம்! கடைசியாக 2022 ஆகஸ்டில் முதல் மந்திரி ஹேமந்த் சோரன், இனி உத்தரவை நீட்டுவதில்லை என்று முடிவு செய்தார்.

"அப்படியானால் பட்டாளம் பயிற்சி செய்ய வேண்டாமா? இது தேசத் துரோகமல்லவா?" என்று சிலர் கேட்கலாம். பயிற்சி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தேசம் என்பது வெறும் மண்ணா, அதில் வாழும் ஜனங்களா என்றுதான் கேட்கிறோம். ஜனங்களை வீட்டை விட்டுத் துரத்தித்தான் தேசத்தைக் காக்க வேண்டுமென்றால், யாருக்காகக் காப்பது?

தோழர்களே! விதி என்று உட்கார்ந்திருந்தால் அந்த 245 கிராமங்களும் இன்று பீரங்கிக்கு இலக்காயிருக்கும். படிப்பில்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் அவர்கள் விதியை நம்பவில்லை, ஒருவரையொருவர் நம்பினார்கள். நாளைக் காலை ஆலை வாசலில் அந்தத் தோழர்களைப் பார்க்கும்போது, இளக்காரத்தை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அவர்களிடம் இருக்கிறது.