கடல் கடந்த வேலையும் நம் கடமையும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

வணிகவியல் பயின்று வங்கிகளில் அதிகாரிகளாக அமர்ந்துள்ள நம் இளைஞர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "ஐயா, துபாயில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை வருகிறது. அரசுடைமை வங்கி வேலையை விட்டுவிட்டுச் செல்லலாமா?" குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் கேட்கும் கேள்வி இது. அவர் இடறி விழுந்தால் தாங்குவதற்குப் பூர்வீக நிலமோ வணிகமோ இல்லை. ஆதலால் விடையை நிதானித்தே கூறவேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் கற்ற துறைகளுள் நிதியியலும் ஒன்று. 1913ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அவர் நியூயார்க் சென்றார். 1917இல் திரும்பிப் பரோடாவில் பணியேற்றபோது, தங்கியிருந்த விடுதியிலிருந்தே விரட்டப்பட்டார். இந்நாடே வேண்டாம் என்று அவர் அன்று முடிவு செய்திருந்தால் யார் குறை கூறியிருக்க இயலும்? அவரோ பம்பாய் சைடனாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென ஒரு சபையை நிறுவினார். சென்றதும் ஒரு நோக்கத்தோடு. திரும்பியதும் ஒரு நோக்கத்தோடு.

இனி உங்கள் கணக்கிற்கு வருவோம். துபாயில் சம்பளத்திற்கு வருமான வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதே உங்கள் வருவாய். அந்நாட்டுச் சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமே பணிக்கொடை. படிகள் அதில் சேரா. ஆகவே மொத்தத் தொகையைக் கண்டு மயங்காமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வேலை வழங்கும் நிறுவனத்தின் பேரில் பெறும் விசா, வேலை போனால் ரத்தாகும். குறித்த காலத்திற்குள் வேறு வேலை கிடைக்காவிடில் ஊர் திரும்ப நேரும்.

இங்கோ ஒரு கதவு வயதை எண்ணிக்கொண்டிருக்கிறது. அரசுடைமை வங்கி அதிகாரித் தேர்வுக்குப் பொதுவான வயது வரம்பு 30. நமக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. 29 வயதில் வேலையை விட்டவர் 34இல் திரும்பினால் மீண்டும் தேர்வெழுதலாம். ஆனால் பணிமூப்பு போய்விடும். 37இல் திரும்பினால் அக்கதவும் அடைபட்டிருக்கும். தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடு இல்லை என்பதையும் மறவாதீர்.

இன்னொன்று உண்டு, அதை வெளிப்படையாகப் பேசுவோம். "சலுகையில் வந்தவன்" என்று அலுவலகத்தில் காதுபடப் பேசுவதைப் பொறுக்கமாட்டாமல் வெளிநாட்டை நாடுவோரும் நம்மிடையே உள்ளனர். அந்த வலி பொய்யன்று. ஆயினும் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது ஏன்? நம் நாட்டவரோடு சாதியும் கடல் கடந்து சென்றுவிட்டது. பொருளுக்காகச் செல்லுங்கள், திறமைக்காகச் செல்லுங்கள். அங்கே சாதி இராது என்று நம்பிச் செல்லாதீர்கள்.

என் கருத்து இதுவே. கல்விக்கடன் தீரவும் தொழில்திறன் பெருகவும் ஐந்தாண்டு எனக் கெடு வைத்து, எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு செல்பவரை நான் வாழ்த்தி அனுப்புவேன். தரகரின் வாய்ச்சொல்லை நம்பி நிரந்தர வேலையை உதறுபவரைத் தடுப்பேன். வெளிநாட்டு வங்கிகளின் பணிகள் பல இன்று சென்னையிலேயே நடைபெறுகின்றன; அவற்றையும் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

செல்பவர்கள் மாதம் ஒருமுறையேனும் நம் மாணவருக்குத் தொலைபேசி வழியே வழிகாட்டுங்கள். இருப்பவர்கள், கல்விக்கடன் கேட்டு வங்கி வாசலில் தயங்கி நிற்கும் தாயை உள்ளே அழைத்து அமரவையுங்கள். நமக்குப் பின்னே வருபவர் படியேறும்வரை, நாம் ஏறி வந்த ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது நம் கடமை.